கருவியும் வினைமுதலும்: பிரித்தானியப் படை ஹெலிகாப்டர் ஓவியங்கள் குறித்து ஒரு நோக்கு

1. முன்னுரை

பிரித்தானியப் படைகளின் ஹெலிகாப்டர்கள் களத்தில் இயங்குவதைக் காட்டும் ஓவியங்களும் அவற்றின் அச்சுப் படிகளும் அந்நாட்டில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. 1982 ஆம் ஆண்டின் ஃபாக்லாந்துப் போர், வட அயர்லாந்து, 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போர், ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகிய களங்கள் இவ்வகை ஓவியங்களின் பொருளாக அமைந்துள்ளன. ஓவியத் திறனாய்வாளர்கள் இவற்றை நினைவுப் பொருள்கள் என்று ஒதுக்கிவிடுவதே பெரும்பான்மை. வாங்குவோர் இயந்திரம் பிழையின்றி வரையப்பட்டுள்ளதா என்பதையே முதன்மை அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்விரு சாராரும் எழுப்பாத வினா ஒன்று உண்டு. இப்படங்கள் ஒரு செயலைக் காட்டுவதாகத் தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றன. அச்செயல் யாது, அதனைச் செய்தவர் யார், அது யார்மேல் நிகழ்ந்தது என்பதே அவ்வினா.

இவ்வினாவை மொழியாய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இவ்வகைப் படம் தனித்து வருவதில்லை. தலைப்பு, படத்தின் கீழ் அமையும் விளக்கக் குறிப்பு, படைப்பிரிவின் பெயர், நாள், இடம், ஓவியரும் விமானிகளும் இடும் கையொப்பங்கள், படியின் வரிசை எண் ஆகியவற்றோடு சேர்ந்தே அது பொருள் தருகிறது. படமும் மொழியும் கலந்த ஒரு தொடராக அதனைக் கொண்டு, தமிழ் இலக்கண மரபு தரும் கருத்தாக்கம் ஒன்றின் துணையுடன் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வகையின் இயல்பு

பிரித்தானியாவில் வானூர்தி ஓவியர்கள் 1971 ஆம் ஆண்டில் தமக்கென ஓர் அமைப்பை நிறுவிக்கொண்டனர். இத்துறை ஓவியர்களிடம் இயந்திர அறிவு மிகுதி. ஒவ்வோர் ஆணியும் ஒவ்வோர் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். படைப்பிரிவுகள் தம் உணவுக்கூடச் சுவர்களுக்கென்று மூல ஓவியங்களை வரையச் சொல்வதும், அவற்றின் படிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சிடப்பட்டு, எண்ணும் கையொப்பமும் இடப்பட்டு விற்கப்படுவதும் இத்துறையின் வழக்கம்.

படத்தின் அமைப்பிலும் ஒரு மரபு நிலைபெற்றுள்ளது. ஹெலிகாப்டர் முன்புறமும் பக்கவாட்டும் ஒருசேரத் தெரியுமாறு சற்றே சாய்ந்து வருகிறது. பார்ப்பவரின் கண் அதே உயரத்தில் அல்லது சற்று மேலே, மற்றொரு வானூர்தியிலிருந்து நோக்குவது போல் அமைகிறது. ஒளி பெரும்பாலும் காலையினதோ மாலையினதோ ஆகும். நிலம் கீழே விரிகிறது. அந்நிலத்தில் மனிதர் மிகச் சிறியர், அல்லது இலர். வட அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். தெற்கு அர்மா பகுதியில் சாலைகளில் வெடிகள் புதைக்கப்படும் அச்சம் இருந்தமையால் படையினரும் பொருள்களும் பெரும்பாலும் வான்வழியாகவே கொண்டுசெல்லப்பட்டனர். பெஸ்புரூக் ஊரின் பழைய ஆலை ஒரு பரபரப்பான ஹெலிகாப்டர் தளமாயிற்று. பிரித்தானியப் படையின் அந்நடவடிக்கை 2007 ஆம் ஆண்டு ஜூலை 31 அன்றே முடிவுற்றது. அக்களத்தைத் தீட்டுவோர் மேற்கூறிய மரபைப் பின்பற்றினால், பசிய வயல்களும் வேலிகளும் மிக அழகாக அமையும். அவ்வயல்களுக்கு உரியவர் உண்டு என்பதும், அவர் தம் வீட்டுக் கூரைக்கு மேல் அவ்வொலியைப் பல்லாண்டுகள் கேட்டு வாழ்ந்தார் என்பதும் அப்பார்வைக் கோணத்தில் புலப்பட வழியில்லை.

3. வினையின் எட்டு உறுப்புகள்

ஒரு வினை நிகழ்வதற்கு வேண்டிய முதனிலைகள் எட்டு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் கூறுகிறது. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. குயவன் குடம் வனைதலைக் கொண்டு இதனை விளக்கலாம். வனைதல் வினை, குயவன் செய்பவன், குடம் செயப்படுபொருள், சுழலும் திகிரி கருவி. இக்கால மொழியியலார் வினையின் பங்கேற்பாளர் என்று பேசுவதற்கு மிக நெருங்கிய கருத்தாக்கம் இது. இவ்வெட்டையும் ஓர் அட்டவணையாகக் கொண்டு இப்படங்களை நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

நிலமும் காலமும் இப்படங்களில் மிகத் துல்லியம். நாள் மட்டுமின்றி வேளையும் குறிக்கப்படுவதுண்டு. கருவி அனைத்தினும் துல்லியம். அதன் பதிவெண்கூட வாசிக்கத்தக்கதாக இருக்கும். செய்பவர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலைக்கவசமாக மட்டும் தெரிகிறார். அவர் பெயர் படத்திற்கு வெளியே, விளிம்பில், பென்சில் கையொப்பமாக நிற்கிறது. செயப்படுபொருளும், யாருக்காக, என்ன பயன் கருதி என்பனவும் பெரும்பாலும் இல்லை. படத்தின் நடுவில் நிற்பது கருவி. எழுவாயின் இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது.

எட்டும் எப்போதும் வெளிப்பட வேண்டுமோ என்று வினவலாம். வழக்கில் குறையத்தக்கவை குறையும் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. ஆதலின் ஒரு படத்தில் சில உறுப்புகள் குறைதல் குற்றமாகாது. படத்துக்குப் படம் அதே உறுப்புகளே குறைந்து வருமாயின், அது தனி ஓவியரின் விருப்பத்தைக் கடந்து அவ்வகையின் இலக்கணமாகிவிடுகிறது. அவ்விலக்கணமே திறனாய்வுக்குரியது.

4. பிராவோ நவம்பர்: கருவி பெயர் பெறுதல்

கருவி வினைமுதலாக உயர்வதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இசட்ஏ 718 என்னும் பதிவெண் கொண்ட சினூக் ஹெலிகாப்டர். அதன் உடலில் எழுதப்பட்ட இரண்டெழுத்துக் குறியீட்டை வானொலி வழக்கில் வாசித்தபோது பிராவோ நவம்பர் என்னும் பெயர் அமைந்தது. 1982 மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்னும் சரக்குக் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டு எரிந்தது, பன்னிருவர் உயிரிழந்தனர், கப்பலில் இருந்த சினூக்குகள் மூன்று அழிந்தன. அவ்வேளை வானில் இருந்தமையால் பிராவோ நவம்பர் ஒன்றே தப்பியது. உதிரிப் பொருள்களும் கருவிப் பெட்டிகளும் கப்பலோடு போய்விட்ட நிலையில் போர் முடியும்வரை அது இயக்கப்பட்டது. ஜூன் 2 அன்று ஒரே பயணத்தில் 81 படைவீரரை ஏற்றிச் சென்றது. அதன் இயல்பான கொள்ளளவு ஏறத்தாழ அதில் பாதியே.

பின்னர் 2003 இல் ஈராக்கிலும், 2006, 2010 ஆம் ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானிலும் அதே ஹெலிகாப்டரை ஓட்டியவர்கள் வீரப்பதக்கம் பெற்றனர். 1982 இல் பெற்றவரையும் சேர்த்து நால்வர். 2022 ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்ற அவ்வியந்திரம் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நான்கு பதக்கங்கள் வென்ற ஹெலிகாப்டர் என்று இதனைக் குறிப்பது எளிதாக நாவில் வருகிறது. இலக்கண நோக்கில் இத்தொடர் கருவியைக் கருத்தாவாக்கிக் கூறுவதாகும். திண்ணை மெழுகிற்று என்று செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கைத் தமிழ் இலக்கணம் ஏற்றுக்கொண்டதுபோல இதனையும் ஏற்கலாம். திண்ணை மெழுகிற்று என்பவர், மெழுகியவள் ஒருத்தி உண்டு என்பதை மறப்பதில்லை. இங்கோ மறதியே தொடரின் விளைவாகிறது. தப்பிய இயந்திரத்தைத் தனித்துத் தீட்டும் படத்தில், அதனோடு கப்பலேறி மீளாதுபோன பன்னிருவருக்கு இடமில்லை. அதிர்ஷ்டம் என்னும் சொல் இயந்திரத்தின் குணமாக நின்றுவிடுகிறது.

5. சுழற்சியும் காலமும்

இவ்வகை ஓவியருக்குரிய தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அது விசிறித் தகடுகளை வரைவது. சினூக்கின் விசிறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 225 முறை சுழல்கிறது. அதாவது ஒரு நொடிக்கு 1,350 பாகை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறக்கும் ஒளிப்படக் கருவியில் தகடு ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகவே நகரும். ஆகவே ஒளிப்படத்தில் தகடுகள் அசைவற்று நிற்கின்றன. இயந்திரம் வானில் தொங்கும் பொம்மைபோல் தோன்றுகிறது. கண்ணுக்கோ அது ஒரு மெல்லிய வட்டம். ஒளிப்படம் சரியாகக் காட்டுவது கண்ணுக்குப் பொய்யாகிறது.

இச்சிக்கல் புதியதன்று. 1821 இல் ஜெரிகோ தீட்டிய எப்ஸம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. குதிரை அவ்வாறு ஓடுவதில்லை என்பதை 1878 இல் மைப்ரிட்ஜ் எடுத்த தொடர் ஒளிப்படங்கள் மெய்ப்பித்தன. எனினும் விரைவை உணர்த்துவது ஜெரிகோவின் ஓவியமே. அதற்கும் முன்னர், பதினேழாம் நூற்றாண்டில், வெலாஸ்கெஸ் தம் நூற்போர் ஓவியத்தில் இராட்டைச் சக்கரத்தின் ஆரங்களை வரையாது ஒளிப்படலமாக விட்டார். சுழற்சியைக் காட்டச் சுழலும் பொருளை மறைக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஹெலிகாப்டர் ஓவியர்களுள் திறமுடையோர் இவ்வழியையே மேற்கொள்கின்றனர். தகடுகளைப் படலமாக்கி, உடலை மட்டும் கூர்மையாக வரைகின்றனர். இது மொழியில் வினைவடிவத் தெரிவுக்கு ஒப்பானது. நின்ற தகடு முற்றுப்பெற்ற ஒரு கணத்தைக் கூறுகிறது. படலம் தொடர்வினையைக் கூறுகிறது. தலைப்பை மொழிபெயர்ப்பவர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஆங்கிலத் தலைப்புகள் பெரும்பாலும் வினைமுற்றற்ற பெயர்த்தொடர்களாக அமைவதால் காலம் காட்டாது நின்றுவிடுகின்றன. அதே தொடரைத் தமிழில் பெயரெச்சம் கொண்டு ஆக்கினால் மீட்ட, மீட்கின்ற, மீட்கும் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மீட்ட என்பது வரலாற்றுக் குறிப்பாகிறது. மீட்கின்ற என்பது படத்தின் கணத்தோடு நிற்கிறது. மீட்கும் என்பது மீட்பதே அவ்வியந்திரத்தின் இயல்பு என்னும் பொருளையும் தந்துவிடுகிறது. மூன்றாவது வடிவம் செவிக்கு இனியதாதலின் மொழிபெயர்ப்பாளர் அதனையே நாடுவது இயல்பு. அத்தெரிவால் ஒரு நாள் நிகழ்ச்சி இயந்திரத்தின் குணமாக மாறிவிடுகிறது என்பதை அவர் உணர்ந்திருத்தல் நன்று.

6. ஸர் கலஹாட்: செயப்படுபொருள் தோன்றும் இடம்

இவ்வகையின் குறைகளை மட்டும் கூறுவது நேர்மையாகாது. அதன் எல்லைக்குள்ளேயே செயலை முழுமையாகக் காட்டுவதற்கு வாய்ப்பளிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1982 ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராய் அருகே நின்றிருந்த ஸர் கலஹாட் கப்பல் அர்ஜென்டீனப் போர் விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 48 பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் வேல்ஸ் காவற்படையினர். எரியும் கப்பலின் புகைக்குள் ஹெலிகாப்டர்கள் நுழைந்து தாழ நின்று ஆட்களைத் தூக்கின. உயிர்காப்பு மிதவைகள் காற்றினால் கப்பலின் பக்கமே ஒதுங்கத் தொடங்கியபோது, விமானிகள் ஸீ கிங் ஹெலிகாப்டர்களை நீர்மட்டத்திற்கு மிக அருகே நிறுத்தி, விசிறியின் கீழ்க்காற்றால் மிதவைகளை நெருப்பிலிருந்து விலக்கித் தள்ளினர்.

ஓவியத்திற்கு இதைவிடத் தகுந்த பொருள் வேறு இருத்தல் அரிது. பொதுவாக ஹெலிகாப்டரின் காற்று கண்ணுக்குத் தெரியாதது. இங்கே அது நீரில் வெண்ணிற வளையமாகவும், வளையும் புகையாகவும், நகரும் மிதவையாகவும் தெரிகிறது. கருவியின் ஆற்றல் அது தொடும் பொருளின் வழியாகவே அறியப்படுகிறது. மிதவையில் இருப்போர் செயப்படுபொருளாகவும், இன்னதற்கு என்பதன் விடையாகவும் ஒருங்கே நிற்கின்றனர். நெருப்பிலிருந்து விலகும் தொலைவே இது பயன் என்பதாகிறது. இக்காட்சியைத் தீட்டுவோர் மிதவையை எங்கே வைக்கின்றனர் என்பதைக் கொண்டே படத்தின் தரத்தை அளந்துவிடலாம். மிதவை பின்னணியில் செந்நிறப் புள்ளியாகச் சுருங்கினால் அது மீண்டும் ஓர் இயந்திரத்தின் உருவப்படமாகிறது. மிதவை முன்னே வந்து, ஹெலிகாப்டர் புகையில் பாதி மறைந்தாலும், அது செயலின் படமாகிறது. பதிவெண் வாசிக்க இயலாமற்போவது அங்கே இழப்பாகாது.

அதே போரில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அனுப்பிய ஓவியர் லிண்டா கிட்சன், குவீன் எலிசபெத் 2 கப்பலில் படையினரோடு பயணம் செய்து, தீவுகளிலும் தங்கி, ஏறத்தாழ 400 கோட்டோவியங்களை வரைந்தார். அவை விரைந்து இழுக்கப்பட்ட கோடுகள். ஹெலிகாப்டர்களும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் அவை படைவீரர் குனிந்து கடக்கும் ஒரு சூழலின் பகுதியாகவே வருகின்றன. இயந்திர நுட்பத்தில் அச்சுப்பட ஓவியர்களோடு அவரை ஒப்பிடுதல் பொருந்தாது. ஒரு தரையில் நின்ற கண் எதனைக் கண்டது என்பதை அறிய அவரிடம் செல்ல வேண்டும். அச்சுப்படங்கள் நிகழ்ச்சிக்குப் பின் மேசையில் அமைந்து, ஆவணங்களும் ஒளிப்படங்களும் கொண்டு ஆக்கப்படுபவை. ஆதலின் அவற்றின் ஓவியருக்குத் தெரிவு செய்யும் உரிமை மிகுதி. பொறுப்பும் அவ்வளவே மிகுதி.

7. பெயர்களும் தொகைகளும்: மொழிபெயர்ப்பாளருக்குச் சில குறிப்புகள்

முதலாவது, இயந்திரப் பெயர்கள். பிரித்தானியாவின் தொடக்ககால ஹெலிகாப்டர்கள் தும்பி, சுழற்காற்று, சுழன்று விழும் விதையையுடைய ஸைகமோர் மரம் ஆகியவற்றின் பெயர்களைப் பெற்றன. 1967 ஆம் ஆண்டின் ஆங்கில பிரெஞ்சு ஒப்பந்தத்தின்வழி வந்த பூமா, கஸெல், லிங்க்ஸ் ஆகிய மூன்றும் விலங்குப் பெயர்கள். சினூக், அப்பாச்சி என்பன அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்கள். அமெரிக்கப் படையின் பெயரிடு மரபோடு பிரித்தானியாவிற்கு வந்தவை. இவற்றைச் சிறப்புப் பெயர்களாக ஒலிபெயர்த்தலே தக்கது. ஆயின் தலைப்பில் சொல்விளையாட்டு அமையும்போது, விலங்கு பாய்கிறது என்பது போன்ற உருவகம் அப்படியே தமிழில் நுழைந்துவிடும். கருவிக்கு உயிர் தருவது அத்தகைய இடத்திலேயே தொடங்குகிறது. தேவையான இடத்தில் பெயரின் பொருளைக் குறிப்பில் தந்து, தலைப்பில் உருவகத்தைத் தளர்த்துவது நன்று.

ஹெலிகாப்டர் என்னும் பொதுப்பெயரும் நோக்கத்தக்கது. 1861 இல் பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்ட இச்சொல், சுருள் எனவும் இறகு எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஆங்கிலத்தார் அதனை ஹெலி எனவும் காப்டர் எனவும் தவறாகப் பிரித்துப் புதுச்சொற்கள் ஆக்கிக்கொண்டனர். தமிழகத்தில் ஒலிபெயர்ப்பே வழங்க, இலங்கைத் தமிழ் இதழ்களில் உலங்கு வானூர்தி என்னும் ஆக்கம் நிலைபெற்றுள்ளது. உலங்கு என்பது பெருங்கொசு. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தோன்றும் உருவையும் ஒலியையும் அச்சொல் நினைவூட்டுகிறது எனலாம். இவ்வகை ஓவியங்கள் தவிர்க்கும் பார்வைக் கோணம் ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

இரண்டாவது, தொகைகள். ஹெலிகாப்டர் மீட்பு என்று ஒரு தலைப்பைச் சொல்லுக்குச் சொல் ஆக்கினால், ஹெலிகாப்டரை மீட்டல், ஹெலிகாப்டரால் மீட்டல், ஹெலிகாப்டரிலிருந்து மீட்டல் என்று பல பொருள்பட நிற்கும். தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கும் என நன்னூல் கூறுவது இங்கும் பொருந்தும். வேற்றுமை உருபை விரித்து எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, உருபை விரிப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டனர் என்னும்போது, ஆல் உருபு கருவியையும் குறிக்கும், வினைமுதலையும் குறிக்கும். மூன்றாம் வேற்றுமையின் இயல்பே அது. விமானிகள் ஹெலிகாப்டரைக் கொண்டு மிதவைகளைக் கப்பலிலிருந்து விலக்கினர் என்று செய்வினையில் எழுதினால் கருவியும் வினைமுதலும் செயப்படுபொருளும் தத்தம் இடத்தில் நிற்கும். தொடர் சற்று நீளும், பொருள் தெளியும்.

8. முடிவுரை

இப்படங்களை முதன்மையாக விரும்பி வாங்குவோர் அவ்வியந்திரங்களில் பணியாற்றியவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். வெஸ்ஸெக்ஸ் 2003 இலும் ஸீ கிங் 2018 இலும் பிரித்தானியப் படைப்பணியிலிருந்து நீங்கிவிட்டன. அவற்றில் பறந்தவர் ஒருவர் தம் வீட்டுச் சுவரில் அப்படத்தைக் காணும்போது, படத்தில் இல்லாதவை அனைத்தும் அவர் நினைவில் எழுகின்றன. மிதவையில் இருந்தவர் முகம், புகையின் மணம், திரும்பி வராத தோழன் ஆகிய யாவும் அவருக்கு எச்சமாக நின்று முடிபு பெறுகின்றன. அவரளவில் அப்படம் குறைவற்றது. அதனை வெறும் நினைவுப் பொருள் என்று இகழ்தல் தகாது.

அவ்வெச்சத்தை நிரப்பும் நினைவு பிறரிடம் இல்லை. வேறு நாட்டில், வேறு மொழியில் அப்படத்தைக் காண்பவருக்குக் கிடைப்பது அழகிய ஒளியும் பிழையற்ற இயந்திரமும் மட்டுமே. அவருக்கும் படத்திற்கும் இடையே நிற்பவர் குறிப்பை எழுதுபவரும் அதனை மொழிபெயர்ப்பவருமே. எட்டு உறுப்புகளுள் குறைந்தவை எவை என்று எண்ணிப் பார்த்து, உறுதியாக அறிந்தவற்றை மட்டும், அடைமொழி சேர்க்காது, ஒரு தொடரில் நிரப்பித் தருவது அவர் கடமையாகும். 48 பேர் மாண்டனர் என்பது அத்தகைய தொடர். அட்லாண்டிக் கன்வேயரில் பன்னிருவர் இறந்தனர் என்பதும் அத்தகையதே. ஓவியர் விட்ட இடத்தை மொழிபெயர்ப்பாளர் தம் உணர்ச்சியால் நிரப்புதல் பிழை. தெரிந்தும் நிரப்பாது விடுதலும் பிழையே.